சிம்பல் சத்தம் காணோம்: காணொளி வழி பேண்டு ஒத்திகையில் வரும் கோளாறுகளும் கைவைத்தியமும்

நான் சென்னையில் உட்கார்ந்து மெட்டு எழுதுகிறேன். வாசிப்பவர்கள் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு பிள்ளைகள், 22 பேர். நடுவே 400 கிலோமீட்டருக்கு மேல் தூரம், ஒரு பழைய லேப்டாப், ஒரு பி.டி. சார். செவ்வாயும் வெள்ளியும் மாலை 5 மணிக்கு ஒத்திகை. அந்த நேரத்தில் மைதானம் கபடிக்காரர்கள் கையில் இருக்கும் என்பதால், பின் தெருவில் இருக்கும் ஒரு பழைய வீட்டின் வளவை, அதாவது நடுவே வானம் பார்த்த முற்றத்தை, அந்த வீட்டு ஆச்சி எங்களுக்குத் திறந்துவிடுகிறார்.

இரண்டு வருடமாக இப்படி ஓடுகிறது. இதில் பட்டதையெல்லாம் அறிகுறி வாரியாக எழுதிவைத்திருக்கிறேன். உங்களுக்கு எது தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கையும் சேர்த்துத் திருகினால் எது பலித்தது என்று தெரியாமல் அடுத்த வாரமும் அதே இடத்தில் நிற்பீர்கள்.

எதையும் தொடும் முன் ஒரு சோதனை. ஒரு பிள்ளை நாலு தடவை கைதட்டட்டும். அப்புறம் ஒருவர் ஒரே சுரத்தை எட்டு எண்ணிக்கைக்கு நீட்டி ஊதட்டும். பாதிக் கோளாறு இந்த இரண்டிலேயே முகத்தைக் காட்டிவிடும்.

நீட்டிய சுரம் பாதியில் மங்குகிறது. சிம்பல் கேட்கவே இல்லை

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து இரண்டு ஒத்திகை சிம்பல் பையனைத் திட்டினேன். "தம்பி, கையில வச்சிருக்கிறது சாப்பாட்டுத் தட்டா? ஏன் அடிக்கவே மாட்டேங்கிற?" அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். பி.டி. சார்தான் குறுக்கே வந்தார். "அடிக்கிறான் சார். எனக்குக் காது அடைக்குது." நான் நம்பவில்லை. அன்று இரவு அவர் தன் போனில் பதிவு செய்ததை அனுப்பினார். அதில் சிம்பல் இடி மாதிரி விழுந்தது.

காணொளிச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சு விட்டு விட்டு வரும். மின்விசிறி, ஏசி, தெருவில் நிற்கும் வண்டி எல்லாம் ஒரே சீராக இரையும். ஆகவே சீராக நீள்வதை இரைச்சல் என்று முடிவுகட்டிச் செயலி அழிக்கிறது. டிரம்பெட்டில் நீட்டி ஊதும் சுரமும் சீரானதுதான். சிம்பலுக்கோ குறிப்பிட்ட சுருதியே கிடையாது, எல்லா அதிர்வெண்ணிலும் சிதறிக் கிடக்கும் ஒலி அது. செயலியின் காதுக்கு அது விசிறியின் ஒன்றுவிட்ட தம்பி. சைடு டிரம்மில் ரோல் போட்டாலும் இதே கதி, உஸ்ஸென்று கரைந்துபோகும்.

மருந்து, அனுப்பும் பக்கத்தில். இது முக்கியம். நான் ஒரு வாரம் என் கணினியிலேயே அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒலி புறப்படும் இடத்தில்தான், அதாவது பி.டி. சாரின் லேப்டாப்பில்தான், அது அழிந்துகொண்டிருந்தது. ஜூமில் செட்டிங்ஸுக்குள் ஆடியோ பகுதியில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, 'ஹை ஃபிடிலிட்டி மியூசிக் மோடு' என்பதையும் டிக் செய்யுங்கள். கூட்டத்துக்குள் நுழைந்ததும் அந்த ஒரிஜினல் சவுண்ட் பொத்தான் ஆன் ஆகியிருக்கிறதா என்று திரையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கூகுள் மீட் என்றால் ஆடியோ அமைப்பில் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்பதை அணையுங்கள். விண்டோஸ் லேப்டாப் ஆனால் மைக்கின் அமைப்புக்குள் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று இன்னொரு கள்ளன் ஒளிந்திருப்பான், அவனையும் அணைக்கவேண்டும். போனில் இந்த வடிகட்டல் கருவிக்குள்ளேயே இருந்தாலும் இருக்கும், எல்லாப் போனிலும் அணைக்க முடியாது. அதனால்தான் லேப்டாப்பும் ஒரு யு.எஸ்.பி. மைக்கும் நல்லது என்கிறேன்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடியும் எட்டு எண்ணிக்கைச் சுரம். முதல் எண்ணிக்கையில் இருந்த கனம் எட்டாவதிலும் இருக்கவேண்டும். கூடவே வளவுப் புறாக்களும் மின்விசிறியும் தெளிவாகக் கேட்கும். விசிறியை நிறுத்தச் சொல்லலாம்தான். ஆனால் சித்திரை மாதம் காரைக்குடிப் பக்கம் மாலை 5 மணிக்கு 22 பிள்ளைகளை விசிறி இல்லாமல் ஊதச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பேஸ் டிரம் விழுந்ததும் புல்லாங்குழல் காணாமல் போய், மெல்லத் திரும்பி வருகிறது

மைக்கின் அளவைச் செயலி தானாகவே ஏற்றி இறக்குகிறது. டிரம் விழுந்ததும் பயந்து இறக்கும், சந்தடி அடங்கியதும் ஏற்றும். 'ஆட்டோமேட்டிக்காக மைக் வால்யூமைச் சரிசெய்' என்ற பொருளில் ஆடியோ அமைப்பில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு உங்கள் உருப்படியிலேயே மிக உரத்த இடத்தை வாசிக்கச் சொல்லி, அளவுக்கோடு சிவப்பைத் தொடாதபடி கையால் வைத்து அப்படியே விடுங்கள். வழக்கமாகச் செய்யும் தப்பு, வெறும் பேச்சை வைத்து அளவு பார்ப்பது. பேச்சுக்குச் சரியாக இருந்த அளவு பேஸ் டிரம்முக்குக் கிழிந்துவிடும்.

சேர்ந்து வாசித்தால் போகப் போக மெதுவாகிறது

புதிதாகத் தொடங்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. நான் இங்கே கீபோர்டில் வாசிக்க, அவர்கள் அங்கே கூட வாசிக்க, எட்டு ஆவர்த்தத்துக்குள் அணிவகுப்புப் பாட்டு ஊர்வலம் முடிந்து திரும்புகிறவர்களின் நடைக்கு வந்துவிடும்.

தூரத்தின் மேல் பழி போடாதீர்கள். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 400 கிலோமீட்டருக்கு 2 மில்லி விநாடிதான். பாதை சுற்றி வளைந்தாலும் சில மில்லி விநாடிகள் கூடும், அவ்வளவே. நேரத்தைத் தின்பது மற்றவை: ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்ப்பது, சுருக்குவது, பிந்தி வரும் துண்டுக்காக ஒரு கையிருப்பு வைத்துக் காத்திருப்பது, விரிப்பது, வைஃபையின் தள்ளுமுள்ளு. எல்லாம் சேர்ந்து ஒரு வழிக்கே 100 முதல் 300 மில்லி விநாடி வரை ஆகிவிடும்.

200 என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 120 தாள அடி போகும் அணிவகுப்பில் ஓர் அடிக்கு 500 மில்லி விநாடி, அரை அடிக்கு 250. அதாவது என் சத்தம் ஏறக்குறைய அரை அடி பிந்தி அவர்களைச் சேர்கிறது. அதைக் கேட்டு அவர்கள் வாசிப்பது இன்னொரு அரை அடி பிந்தி என்னிடம் வருகிறது. பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று நான் கொஞ்சம் காத்திருக்கிறேன். நான் காத்திருப்பதைக் கேட்டு அவர்களும் காத்திருக்கிறார்கள். பந்தியில் 'நீங்க முதல்ல', 'இல்ல நீங்க முதல்ல' என்று நிற்பது போல.

காற்றில் ஒலி 200 மில்லி விநாடியில் 70 மீட்டர் போகும். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் முன் தெருவில் முகப்பும் பின் தெருவில் பின்வாசலுமாக நீள்வது தெரியும்தானே? முகப்பில் ஒருவன் டிரம் அடிக்க, பின்வாசலில் ஒருத்தி அதைக் கேட்டுக் குழல் ஊதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இது. கூடி வாசிப்பவர்கள் தாங்கக்கூடிய தாமதம் சுமார் 25 முதல் 30 மில்லி விநாடி, கிட்டத்தட்ட 10 மீட்டர். அது வளவுக்குள் அடங்கிவிடும் தூரம்.

ஆகவே மருந்து ஒன்றுதான்: கம்பி வழியே சேர்ந்து வாசிக்காதீர்கள். சேர்ந்து வாசிப்பது வளவுக்குள் நடக்கட்டும், கம்பி வழியே கேட்பது மட்டும். என் பின்னணி இசையை முன்கூட்டியே கோப்பாக அனுப்பிவிடுவேன். அது பி.டி. சாரின் பக்கத்திலேயே ஒரு ஸ்பீக்கரில் ஓடும். எண்ணிக்கை கொடுப்பது சைடு டிரம் பெண். நான் மைக்கை அணைத்துக்கொண்டு கேட்பேன். அவர்களுக்குள் அவர்கள் ஒன்றாக இருந்தால் எனக்கு 200 மில்லி விநாடி பழையதாக வந்தால் என்ன?

கையசைத்து நடத்தலாமா என்று கேட்பார்கள். ஒருவழியாக நடத்தலாம், ஆனால் நடத்துகிறவர் காதை அடைத்துக்கொள்ளவேண்டும். எனக்குத் திரும்பி வரும் சத்தம் பிந்தித்தான் வரும். அதைக் கேட்டு என் கை ஒரு கணம் தயங்கினால் அங்கே கூட்டம் மொத்தமும் தடுமாறும். படம் உறைந்துவிட்டால் கை அந்தரத்தில் நிற்கும். நான் முயன்று பார்த்து விட்டுவிட்டேன்.

ஜாமுலஸ் மாதிரித் தாமதம் குறைந்த இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இரு பக்கமும் வைஃபைக்குப் பதில் கேபிள், ஆடியோ இன்டர்ஃபேஸ், கம்பி வைத்த ஹெட்போன், பக்கத்து ஊர் சர்வர் எல்லாம் அமைந்தால் நன்றாகவே வேலை செய்யும். தேர்ந்த இரண்டு மூன்று பேர் தனித்தனி ஊரில் இருந்து வாசிப்பதற்கு அது சரி. ஒரே வளவில் ஒரே மைக்கின் முன் நிற்கும் 22 பேருக்கு அது வெட்டி வேலை.

என் குரலே எனக்குத் திரும்பிக் கேட்கிறது

யாருக்கு எதிரொலி கேட்கிறதோ அவர் பக்கம் கோளாறு இல்லை. யாருக்குக் கேட்கவில்லையோ அவர் ஸ்பீக்கரில் இருந்துதான் சத்தம் அவர் மைக்குக்குள் போகிறது. ஒரிஜினல் சவுண்ட் போட்ட பிறகு இது கூடும், எதிரொலியை அடக்குவதும் அதோடு தளர்ந்துவிடுவதால். நான் பேசும்போது பி.டி. சார் மைக்கை அணைக்கிறார், அவர்கள் வாசிக்கும்போது நான் அணைக்கிறேன். இதைவிடப் பெரிய தொழில்நுட்பம் தேவைப்படவில்லை. கீச்சென்று ஊளையிட்டால் அதே அறையில் இன்னொரு போனும் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேடிப் பிடியுங்கள், பெரும்பாலும் ஏதாவது ஒரு பையனின் பையில் இருக்கும்.

எல்லாம் கணகணவென்று ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது

அறையில் நிற்பவர் ஒரு தடவை கைதட்டிக் கேட்கட்டும். அங்கேயே தட்டல் வால்விட்டு நீண்டால் இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீடுதான் வாசிக்கிறது.

செட்டிநாட்டு வீடு கண்ணுக்கு எவ்வளவு அழகோ மைக்குக்கு அவ்வளவு கொடுமை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்துச் செய்வது, ஒலிக்கும் அது கண்ணாடிதான், பட்டதும் திருப்பி அனுப்பிவிடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும் அப்படியே, வழுவழுப்பு அதிகம். தேக்குத் தூண்கள், பித்தளைக் குமிழ் வைத்த கதவுகள். மெத்தென்று ஒன்றும் கிடையாது.

முதலில் பிள்ளைகளை மூடிய பெரிய அறைக்குள் வைத்திருந்தோம். வளவுக்கு மாற்றியதுமே பாதி தெளிந்தது. காரணம் நடுவில் இருக்கும் திறந்த வானம். வானத்துக்குப் போன சத்தம் திரும்பி வராது. பிள்ளைகளைத் தூண் வரிசைக்குள் நிறுத்தி, முகம் திறந்த பக்கம் இருக்கும்படி வையுங்கள். மீதியைத் துணி பார்த்துக்கொள்ளும். நான் லேப்டாப்பில் பி.டி. சாரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது ஆச்சி குனிந்து திரைக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏந் தம்பி, கல்யாணத்துக்கு விரிக்கிற ஜமுக்காளம் மாடியில சும்மாதான கிடக்கு? எடுத்துக்கச் சொல்லுங்க." ஆறு ஜமுக்காளம். மூன்றைத் தரையில் விரித்தோம், மூன்றைப் பின் சுவரோரம் கொடி கட்டித் தொங்கவிட்டோம். நான் காசு கொடுத்து வாங்கிய நுரைப் பலகைகளைவிட அவை நன்றாக வேலை செய்தன. பழைய பருத்தி, நல்ல கனம்.

அப்புறம் மைக். தூரம் இரட்டிப்பானால் நேர் ஒலி 6 டெசிபெல் குறையும், அறையின் முழக்கமோ அப்படியே இருக்கும். ஆகவே மைக்கை அருகே கொண்டுவாருங்கள். முன்வரிசைக்கு ஒன்றரை மீட்டர் முன்னால், பெரியவர் தலை உயரத்தில், சற்றுக் கீழ் நோக்கி. குழல்கள் முன்னே, டிரம்பெட் நடுவே, டிரம்கள் கடைசியில். லேப்டாப்பின் சொந்த மைக்கை நம்பி அதை முகப்புத் திண்ணையில் வைத்திருந்த காலமும் உண்டு. எங்களுக்குக் கேட்டதெல்லாம் தெருவில் போன ஐஸ் வண்டி மணி.

சுருதி சேரவில்லை

இதில் மூன்று வியாதி, மூன்றும் வெளிக்கு ஒன்று போலத் தெரியும். எவ்வளவு விலகல் என்று முதலில் அளந்துவிட்டால் எது என்று பிடிபட்டுவிடும். போனில் இலவச டியூனர் செயலி போதும்.

சரியாக ஒரு முழு சுரம், அதாவது இரண்டு அரைச்சுரம் கீழே இருக்கிறதா? டிரம்பெட் பெண் தாளில் 'சி' பார்த்து ஊதுகிறாள், என் கீபோர்டில் அது 'பி ஃபிளாட்'. நம் கணக்கில் நான் 1 கட்டை கேட்க, அவள் 6½ கட்டை தருகிறாள். பிழை யாருடையதும் இல்லை. பி ஃபிளாட் டிரம்பெட்டின் இயல்பே அது. அந்தக் கருவிக்கு மட்டும் தாளை ஒரு முழு சுரம் மேலே எழுதிக் கொடுக்கவேண்டும். மெட்டு எழுதுகிறவன் வேலை, பிள்ளையின் வேலையில்லை. கிளாரினெட்டும் பெரும்பாலும் இதே கணக்கு.

அனுப்பிய கோப்பு அங்கே ஒன்றரை அரைச்சுரம் போல மேலே ஏறி, கொஞ்சம் வேகமாகவும் ஓடுகிறதா? சுருதியும் வேகமும் சேர்ந்து மாறினால் சாம்பிள் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளந்து பதிகிறது என்ற எண்ணைச் சந்தேகியுங்கள். 44,100-இல் பதிவானதை ஏதோ ஒரு கருவி 48,000 என்று நினைத்து ஓட்டுகிறது. 9 சதவீத வேகம் கூடும், சுருதி 1½ அரைச்சுரத்துக்குச் சற்றே குறைவாக ஏறும். எல்லாவற்றையும் 48,000-க்கு மாற்றி ஏற்றுமதி செய்து அனுப்புங்கள்.

தொடங்கும்போது சேர்ந்திருந்து, கால் மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஊதுகருவிகள் மேலே போய், பெல் லைரா (உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி) மட்டும் தனித்து நிற்கிறதா? இதுதான் எங்கள் ஊர் வியாதி. வெயில். காற்று சூடானால் ஒலி வேகம் கூடும், ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சென்ட் சுருதி ஏறும். ஓர் அரைச்சுரம் 100 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரிக்குக் கணக்குப்படி 30 சென்ட். ஊதும் மூச்சு முன்பே சூடாக இருப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறையும், ஆனாலும் காதுக்குத் தெரியும். பெல் லைராவின் உலோகப் பட்டைகள் சூட்டில் மேலே ஏறாது, நூலளவு கீழேதான் இறங்கும். "நான் எதையும் மாத்தலை சார்" என்று அந்தப் பெண் சொன்னது சத்தியம். மாறியது மற்றவர்கள்.

பெல் லைராவைத் திருக முடியாது என்பதால் அதுதான் நாட்டாமை. ஐந்து நிமிடம் எல்லோரும் ஊதிச் சூடேற்றியபின் அதன் சுருதிக்கு மற்றவர்கள் வரவேண்டும். டிரம்பெட்டில் டியூனிங் ஸ்லைடை அரை சென்டிமீட்டர் வெளியே இழுத்தால் 10 சென்ட் சொச்சம் இறங்கும். ஸ்லைடு வளைந்த குழாய், இரண்டு கால் உண்டு. அரை சென்டிமீட்டர் இழுத்தால் குழாய் ஒரு சென்டிமீட்டர் நீள்கிறது. இதைப் படத்தில் காட்டிப் புரியவைக்க முடியவில்லை. பி.டி. சார் ஸ்கெட்ச் பேனாவால் ஸ்லைடில் ஒரு கோடு போட்டார், "வெயில் கோடு". இப்போது "வெயில் கோட்டுக்கு இழு" என்றால் போதும்.

கைதட்டல் படத்தில் ஒரு நேரம், காதில் ஒரு நேரம்

புளூடூத்தைக் கழற்றுங்கள். ஒலி மட்டும் தனியாக 150 மில்லி விநாடிக்கு மேல் பிந்திவிடக்கூடும். அதோடு புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்தினால் ஒலித் தரமும் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கும். கம்பி வைத்த ஹெட்போன் மலிவுதான். அதற்குப் பின்னும் விலகல் இருந்தால் குச்சி பிடிக்கும் கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள், காதை மட்டும் நம்புங்கள்.

வீட்டில் பதிவு செய்து அனுப்பியவை ஒன்றோடொன்று ஒட்டவில்லை

அப்பாவின் போனில் இரவு 8 மணிக்கு மேல்தான் பிள்ளைகளால் பதிவு செய்ய முடிகிறது. வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் நசுங்கிவிடும். ரெக்கார்டரில் பதிவு செய்து, 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். எல்லோரும் தாளம் தட்டும் ஒரே கிளிக் கோப்பை இயர்போனில், ஒரு காதில் மட்டும், கேட்டபடி வாசிக்கவேண்டும். அதன் தொடக்கத்தில் நாலு எண்ணிக்கை வைத்து, மூன்றாவதில் கைதட்டச் சொல்லியிருக்கிறேன். கணினியில் ஒலியை அலைக்கோடாகத் திறந்தால் 22 கோப்பிலும் அந்தத் தட்டல் கூர்மையான முள்ளாகத் தெரியும். முள்ளோடு முள்ளை நிறுத்தினால் ஒட்டிவிடும். நீண்ட உருப்படியில் கடைசிக்கு வரும்போது சிலருடையது நூலிழை விலகும், போனுக்குப் போன் கடிகாரம் வேறு. ஆகவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பதிவு வேண்டாம். முடிவிலும் ஒரு கைதட்டல் கேளுங்கள்.

கேட்டால் "புரிஞ்சது சார்", வாசித்தால் பழையபடி

அமைப்பில் எதைத் திருகினாலும் இது தீராது. "அந்த இடம், குழல் ஏறுற இடம், அங்க கொஞ்சம்..." என்று நான் பேசினால் நேரில் விரல் காட்டிப் புரியவைத்திருப்பேன். திரையில் அது 22 பேருக்கும் வேறு வேறு இடம். தாளில் ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டுவிட்டேன். "17, இரண்டாம் குழல், கடைசி இரண்டு எண்ணிக்கை" என்றுதான் இப்போது பேச்சு. விளக்குவதைவிடப் பாடிக் காட்டுவது மேல். தாளம் சிக்கினால் தகதிமி சொல்லி, அதை அவர்கள் திருப்பிச் சொல்லாமல் கருவியைத் தொடக்கூடாது என்று விதி. "புரிஞ்சுதா?" என்று கேட்பதை அறவே விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரே பதில்தான் உண்டு.

இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது

ஒன்றரை அடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ரவுட்டரை வைத்துக்கொண்டு வைஃபையைத் திட்டிப் பயனில்லை. ரவுட்டரில் இருந்து லேப்டாப்புக்கு நீளமான லேன் கேபிள் இழுங்கள். சன்னல் வழியாக, ஆச்சி தடுக்கி விழாதபடி. அதுவும் ஆகாதென்றால் பி.டி. சார் படத்தை அணைத்துவிடட்டும். நல்ல தர ஒலிக்கு நொடிக்கு 100 கிலோபிட் போதும், படம்தான் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் கேட்கும்.

மின்தடை என்றால் ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ். போடுங்கள். அதுவும் தீர்ந்து என் படம் மறைந்தாலும் வாசிப்பை நிறுத்தக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பி.டி. சார் போனில் பதிவு செய்து இரவு அனுப்பிவிடுவார். போன வெள்ளிக்கிழமை பதிவில், 31-ஆம் வரியில், விளக்கு போன சத்தத்தோடு யாரோ "ஐயோ" என்கிறார்கள். டிரம் நிற்கவில்லை. சிம்பல் சரியான இடத்தில் விழுகிறது, நன்றாகக் கேட்கிறது.